கவுண்ட்டர் அரசின் கையில் இருக்கும்போது

"வயசை ஏத்தினா மட்டும் பசங்க குடிக்காம இருந்துடுவாங்களா?" மது வாங்கும் வயதை உயர்த்த வேண்டும் என்று யார் பேசினாலும் இந்த ஒரு கேள்விதான் பதிலாக வருகிறது. டீக்கடையிலும் இதுதான், தொலைக்காட்சி விவாதத்திலும் இதுதான். குடிப்பவர்கள் கேட்கிறார்கள், குடியை வெறுப்பவர்களும் கேட்கிறார்கள். முன்னவர்களுக்குக் குடி தனிமனித உரிமை. பின்னவர்களுக்கு முழு மதுவிலக்கைத் தவிர மற்றதெல்லாம் கண்துடைப்பு. எதிரெதிர் முனையில் நிற்கும் இந்த இரு தரப்பும் ஒன்றாகத் தலையாட்டும் இடம், வயது வரம்பு என்பது சுவரில் தொங்கும் பலகை, அவ்வளவுதான் என்ற முடிவு. அந்த முடிவு தவறு. அதிலும் தமிழ்நாட்டில் அப்படிச் சொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது.

முதலில் நிலவரம். மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால் வயதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. தமிழ்நாட்டில் 21. கோவாவிலும் புதுச்சேரியிலும் 18. கேரளம் 2017 இறுதியில் 21-ஐ 23 ஆக்கியது. மகாராஷ்டிரத்தில் பிராந்தி, விஸ்கி போன்றவற்றுக்கு 25. இன்னொரு பக்கம் ஹரியானா 2021-இல் 25-ஐ 21-க்கு இறக்கியது. கர்நாடகம் 2023 ஜனவரியில் 21-ஐ 18 ஆக்க வரைவு வெளியிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டது. ஏற்றுவதா இறக்குவதா என்ற இழுபறி நாடு முழுவதும் நடக்கிறது. இறக்கச் சொல்பவர்களின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், "ஏற்றிப் பயனில்லை" என்பதுதான்.

அவர்கள் முதலில் எடுத்து வைப்பது ஓட்டு. பதினெட்டு வயதில் நாட்டை யார் ஆள்வது என்று முடிவு செய்பவனுக்கு ஒரு பீர் வாங்கத் தகுதி இல்லையா என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் சட்டம் எந்தக் காலத்திலும் எல்லாப் பொறுப்பையும் ஒரே வயதில் தூக்கிக் கொடுத்ததில்லை. ஓட்டுரிமை வயது 21-லிருந்து 18 ஆனது 61-ஆவது அரசமைப்புத் திருத்தத்தால். அதே பதினெட்டு வயது வாக்காளர் சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 ஆக வேண்டும், மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவராக 35. இருசக்கர வாகனம் ஓட்ட 18 போதும். லாரி ஓட்ட 20 வேண்டும். ஆணுக்குத் திருமண வயது 21. இவற்றையெல்லாம் இளைஞர்களுக்கு இழைத்த அவமானம் என்று யாரும் கொடி பிடிப்பதில்லை. எந்தக் காரியத்தில் எவ்வளவு ஆபத்தோ அதற்கேற்ப வயது என்பதை ஏற்றுக்கொண்டு வாழ்கிறோம். மது என்று வந்ததும் மட்டும் அது உரிமை மீறலாகிவிடுகிறது.

இந்த ஓட்டு வாதத்தை நம்பிச் செயல்பட்டுப் பார்த்த நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1971-இல் ஓட்டுரிமை வயது 18 ஆனது. அதே தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த சில ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் மது வயதையும் இறக்கின. பிறகு சாலைகளில் பிணங்கள் விழுந்தன. குறைந்த வயது உள்ள பக்கத்து மாநிலத்துக்குக் காரில் போய்க் குடித்துவிட்டுத் திரும்பும் வழியில் இளைஞர்கள் செத்தார்கள். மாநில எல்லைகளுக்கு 'ரத்த எல்லைகள்' என்று பெயரே வந்தது. குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒருவனால் பதின்மூன்று வயது மகளைப் பறிகொடுத்த கேண்டி லைட்னர் 1980-இல் தொடங்கிய தாய்மார்களின் இயக்கம் நாட்டையே உலுக்கியது. 1984-இல் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட சட்டம், 21-க்கு உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வோம் என்றது. தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 1988-க்குள் எல்லா மாநிலமும் 21-க்கு வந்தன. வயதை உயர்த்திய மாநிலங்களில் வாகன விபத்துகள் சுமார் 16 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்குச் சொல்கிறது.

சீட் பெல்ட்டும் நல்ல காரும் வந்ததால் குறைந்தது என்று ஒரு மறுப்பு உண்டு. சரி, எதிர்த்திசையில் நடந்ததைப் பார்ப்போம். நியூசிலாந்து 1999-இல் வாங்கும் வயதை 20-லிருந்து 18-க்கு இறக்கியது. சீட் பெல்ட்டும் நல்ல காரும் அங்கேயும் இருந்தன. இறக்கிய பின் பதின்வயதினரின் விபத்துக் காயங்கள், சற்று மூத்த இளைஞர்களோடு ஒப்பிட்டபோது, கூடியிருந்ததை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதிலும் கூர்ந்து கவனிக்க வேண்டியது, பதினெட்டு பத்தொன்பது வயதினரோடு, சட்டம் தொடாத பதினைந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளும் கூடுதலாக அடிபட்டார்கள் என்பது.

இந்த இடத்தில்தான் வயது வரம்பு எப்படி வேலை செய்கிறது என்பது புரிகிறது. பதினாறு வயதுப் பையன் கடைக்கு நேரில் போய் வாங்குவது குறைவு. அவனுக்கு வாங்கிக் கொடுப்பவன் அவனைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன்: அண்ணன், பக்கத்து வீட்டுக்காரன், கிரிக்கெட் டீமில் ஆடுபவன், ஹாஸ்டல் சீனியர். வாங்கும் வயது 18 என்றால் பிளஸ் டூ வகுப்பிலேயே வாங்கித் தர ஒருவன் இருக்கிறான். 21 என்றால்? நம் பொறியியல் கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழரை வயதில் முதலாண்டு சேர்கிறான். இறுதியாண்டு மாணவனுக்கு இருபத்தொன்று ஆகிவிடுகிறது. விடுதிக்கு ஒரு சீனியர் சட்டப்படி வாங்கலாம் என்றாலே போதும், மொத்த விடுதிக்கும் சரக்கு வந்துவிடும். புதிதாக வந்தவனுக்கு, ஊரை விட்டு முதன்முதலாக வெளியே வந்தவனுக்கு, அந்த அறையில் உட்கார்ந்து "எனக்கு வேண்டாம் அண்ணே" என்று சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? 23 என்று வைத்தால் வாங்கத் தகுதியுள்ளவன் இளங்கலை வளாகத்துக்கே வெளியே போய்விடுகிறான். பதினேழு வயதுப் பையனுக்கும் கவுண்ட்டருக்கும் இடையே ஆறு வயது இடைவெளி விழுகிறது. ஆறு வயது மூத்தவன் பெரும்பாலும் வேலையில் இருப்பான். பதினேழு வயதுப் பையனோடு அவனுக்குச் சேர்க்கை குறைவு. 23 என்று நான் கேட்பதற்கு இதுதான் காரணம்; அண்டை மாநிலம் அதைச் செய்தும் காட்டிவிட்டது.

ஆறு வருடம் தள்ளிப்போட்டு என்ன கிடைத்துவிடும், பிறகு குடிக்கத்தானே போகிறான் என்பார்கள். கிடைப்பது நிறைய. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் எடுத்த பெரிய தேசியக் கணக்கெடுப்பில், பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் பத்துக்கு நான்கு பேர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். இருபது வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் பத்துக்கு ஒருவர். குடும்பச் சூழல் போன்ற காரணங்களும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பின்விளைவை யோசித்து நிதானிக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடு வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் அந்தப் பிள்ளைக்கு லாபம்.

"தடுத்தால் ஆசை அதிகமாகும், ஐரோப்பாவில் வீட்டிலேயே ஊற்றிக் கொடுத்துப் பழக்குகிறார்கள்" என்பது படித்தவர்களின் வாதம். அந்த ஐரோப்பா இப்போது எந்தப் பக்கம் நடக்கிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. இத்தாலி 2012-இல் விற்பனை வயதை 16-லிருந்து 18 ஆக்கியது. நெதர்லாந்து 2014 ஜனவரியில் அதையே செய்தது. லித்துவேனியா 2018 ஜனவரியில் 18-ஐ 20 ஆக்கியது. வீட்டில் ஊற்றிக் கொடுத்துப் பழக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றால் இவர்கள் ஏன் ஏற்றுகிறார்கள்?

இனி முக்கியமான வாதத்துக்கு வருவோம்: "இங்கே அமல்படுத்த முடியாது."

அமெரிக்காவில் மது விற்பவர்களில் மளிகைக் கடைக்காரரும் பெட்ரோல் பங்க்காரரும் உண்டு, ஆயிரமாயிரம் தனியார். அவர்களையெல்லாம் கண்காணிப்பது சிரமம். தமிழ்நாட்டில் அந்தச் சிரமமே இல்லை. 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் என்ற ஒரே அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. கடை அரசினுடையது, சரக்கு அரசினுடையது, கம்பி வலைக்குப் பின்னால் நிற்கும் மேற்பார்வையாளரும் விற்பனையாளரும் அரசு நிறுவனத்தின் ஆட்கள். சட்டம் போடும் கையும் புட்டியை நீட்டும் கையும் ஒன்றே. தன் கையைத் தானே கட்டுப்படுத்த முடியவில்லை என்று ஓர் அரசு சொல்லலாமா?

அரசால் முடியும் என்பதற்கு அரசே சாட்சி. 2020 மே 7 அன்று, ஊரடங்குக்கு நடுவே கடைகளைத் திறந்தபோது அரசு என்ன அறிவித்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை 10 முதல் 1 மணி வரை. நாற்பது முதல் ஐம்பது வரை உள்ளவர்களுக்கு 1 முதல் 3 வரை. நாற்பதுக்கு உட்பட்டவர்களுக்கு 3 முதல் 5 வரை. வாங்க வருபவர் ஆதார் கொண்டுவர வேண்டும். அந்த ஏற்பாடு முதல் நாளே கூட்டத்தில் திணறியது, மறுநாளே உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது என்பதெல்லாம் உண்மை. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் தடை கிடைத்து மே 16-இல் மீண்டும் திறந்தபோது, ஒரு நாளைக்கு ஒரு நிறத்தில் டோக்கன், கடைக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டு நடத்தினார்கள். விற்க வேண்டும் என்ற தேவை வந்தபோது வாடிக்கையாளரை வயதுவாரியாகப் பிரிக்கவும், அட்டையைக் கேட்கவும், வண்ணச் சீட்டுக் கொடுத்து வரிசை கட்டவும் இதே நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. விற்காமல் இருக்க வேண்டும் என்னும்போது மட்டும் எல்லாம் மறந்துபோகிறது.

அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்கலாம். காட்டில் எறியப்படும் காலிப் புட்டிகள் யானையின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் உயர் நீதிமன்றம் கேட்க, 2022 மே மாதம் நீலகிரியில் புட்டி திரும்பப் பெறும் திட்டம் வந்தது. விலையோடு பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, புட்டியில் அடையாள வில்லை ஒட்டி, காலியைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாயைத் தந்தார்கள். புட்டிகள் திரும்பி வந்தன. திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. நல்ல காரியம், பாராட்டுகிறேன். அப்புறம் ஸ்கேன் செய்து பில் போடும் கருவிகள் வந்தன. 2023 ஏப்ரலில் கோயம்பேட்டில் ஒரு வணிக வளாகத்தில் தானியங்கி மது இயந்திரம் வைத்து, அது சர்ச்சையானபோது, இயந்திரம் கடைக்குள்ளேதான் இருக்கிறது, ஊழியர் கண்காணிப்பில்தான் இயங்குகிறது, வயது வராதவர்கள் வாங்க முடியாது என்று அரசுத் தரப்பே விளக்கம் தந்தது. ஒவ்வொரு புட்டிக்கும் அடையாளம் ஒட்டி அது திரும்பி வந்ததா என்று பார்க்க முடிகிறவர்களால், அதை வாங்குபவனின் அட்டையில் பிறந்த வருடத்தைப் பார்க்க முடியாதா?

சுவீடனில் இதே போன்ற ஏற்பாடு எழுபது ஆண்டுகளாக நடக்கிறது. அங்கேயும் கடை வைத்திருப்பது அரசு நிறுவனமே. 1955 முதல் சிஸ்டம்போலாகெட். வாங்கும் வயது 20. இருபத்தைந்துக்குக் கீழே தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்பது விதி. கேட்கிறார்களா என்று பார்க்க, இளம் தோற்றம் உள்ளவர்களை வாடிக்கையாளராக அனுப்பிச் சோதிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. விற்பனை பெருகியதென்று பெருமைப்பட அந்த நிறுவனத்துக்கு அனுமதியும் இல்லை. அரசே மது விற்பது என்ற ஏற்பாட்டுக்கு நியாயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: லாபம் பார்க்கும் தனியார் செய்ய மாட்டாததை அரசு செய்யும். அதைச் செய்யாவிட்டால் அரசு கடை நடத்துவதற்கு வேறென்ன காரணம்?

கவுண்ட்டரில் நிற்கும் ஊழியரைக் குறை சொல்லி இதை முடித்துவிடக் கூடாது. இரவு ஒன்பதே முக்கால். கடை மூடப் பதினைந்து நிமிடம். கம்பி வலையில் உள்ள சின்ன இடைவெளி வழியே ஒரே நேரத்தில் ஏழெட்டுக் கைகள் நீள்கின்றன, ஒவ்வொன்றிலும் மடித்த ரூபாய் நோட்டு. "ஒரு குவார்ட்டர்", "ரெண்டு பீர், கூலிங்கா". அந்த இடைவெளியில் முகமே தெரியாது, கைதான் தெரியும். அதில் ஒரு கை பத்தொன்பது வயதுக் கையாக இருந்தால் விற்பனையாளருக்கு எப்படித் தெரியும்? தெரிந்து கேட்டாலும், வெளியே நிற்கும் கும்பலை அவர் பூட்டிவிட்டுப் போகும்போது சந்திக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் அந்தத் துணிச்சலை எதிர்பார்ப்பது அநியாயம். அவருக்குத் தேவை, அட்டை ஸ்கேன் ஆகாமல் பில் வராது என்ற ஏற்பாடு. "நான் என்ன தம்பி பண்றது, மெஷின் எடுக்கலை" என்று அவர் சொல்ல முடிந்தால் போதும். சண்டை அவரோடு இருக்காது. கூடவே அந்தக் கம்பி வலைக்குப் பதில் முகம் தெரியும் கவுண்ட்டரும், மாலை நேரத்தில் ஒரு காவலரும்.

கள்ளச்சாராயப் பூச்சாண்டி அடுத்தது. "கடையில் கொடுக்காவிட்டால் சாராயத்துக்குப் போவார்கள், கள்ளக்குறிச்சி மறந்துவிட்டதா?" மறக்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலி வேலைக்குப் போகிறவர்கள். வயது வரவில்லை என்று டாஸ்மாக்கில் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்கள் இல்லை அவர்கள். கடைகள் திறந்துதான் இருந்தன. பாக்கெட் சாராயம் மலிவு என்பதால், அது அங்கே தடையின்றிக் கிடைத்தது என்பதால் வாங்கினார்கள். அந்தச் சாவுகளை வயது வரம்புக்கு எதிரான வாதமாக எடுத்து வீசுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

புதுச்சேரி இருக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. கடலூரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது; அங்கே 18. நாம் 23 ஆக்கினால் அந்தச் சாலையில் பைக்குகள் கூடும். அமெரிக்காவின் ரத்த எல்லைகள் நமக்கும் வரலாம். 2022-இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள், 64,105, பதிவான மாநிலம் நம்முடையது. ஆனால் இதற்கு அமெரிக்கா கண்ட தீர்வு, எல்லோரும் கீழே இறங்குவதில்லை. எல்லோரும் மேலே வருவது. புதுச்சேரி அரசோடு பேச வேண்டும். ஒன்றிய அரசை நெருக்க வேண்டும். நிதி ஒதுக்கீட்டை வைத்து மாநிலங்களைப் பணிய வைக்கத் தெரிந்த ஒன்றிய அரசு, இந்த ஒரு விஷயத்திலாவது அதை நல்லதுக்குப் பயன்படுத்தட்டும்.

மகாராஷ்டிரத்தின் 25 என்ன கிழித்தது, 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் பாரில் குடித்துவிட்டு போர்ஷே காரால் இரண்டு பேரைக் கொன்றானே என்பார்கள். கொன்றான். எட்டு வருடம் வயது குறைந்த ஒருவனுக்கு ஊற்றிக் கொடுத்தார்கள் என்பதால்தான் பார் உரிமையாளரும் மேலாளர்களும் கைதானார்கள். சட்டம் மீறப்பட்டது என்பதால் சட்டம் வேண்டாம் என்றால் கொலைக் குற்றப் பிரிவையும் எடுத்துவிடலாம். அங்கே விற்றது தனியார் பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவுப்படி, மருத்துவர் சொல்லாமல் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதுவும் காகிதச் சட்டமா? பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் குடிக்கும் காணொலி வெளியாகும் போதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் வளர்ப்பைப் பற்றி ஊரே பேசுகிறது. அந்தப் புட்டி எந்தக் கடையிலிருந்து, யார் கை வழியே வந்தது என்று விசாரிக்கப் பேச்சு எழுவதில்லை.

முழு மதுவிலக்குக் கேட்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசமைப்பின் 47-ஆவது உறுப்பு உங்கள் பக்கம் இருக்கிறது; 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய வரலாறும் இருக்கிறது. காந்தியவாதி சசிபெருமாள் 2015-இல் உயிரையே கொடுத்தார். உங்கள் கோரிக்கையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த நாள் வரும்வரை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒரு தலைமுறை அந்தக் கவுண்ட்டருக்கு வந்து சேர்கிறது. முழுதாகக் கிடைக்கும்வரை பாதியும் வேண்டாம் என்று நீங்கள் நிற்பது அரசுக்கு வசதியாக இருக்கிறது; இரண்டையும் செய்யாமல் இருக்க முடிகிறது.

வசதி என்பது பணம்தான். 2003-04இல் மூவாயிரத்து அறுநூறு கோடி ரூபாய் அளவில் இருந்த மது வருவாய் 2023-24இல் 45,855 கோடி. இந்தப் பணத்தில் இருபத்தொரு வயது ஆகாதவர்களின் பங்கு சிறிது என்றால், அதை இழக்க ஏன் தயக்கம்? பங்கு பெரிது என்றால், அரசு பள்ளிப் பிள்ளைகளிடமும் கல்லூரிப் பிள்ளைகளிடமும் பணம் எடுத்து அவர்களுக்கே நலத்திட்டம் நடத்துகிறது என்று பொருள். எது என்று அரசு சொல்லட்டும்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். இருக்கும் 21-ஐ நாளையே நிஜமாக்குங்கள்: இளம் தோற்றம் உள்ள எவருக்கும் அட்டை இல்லாமல் பில் வரக்கூடாது. ஒரு வருடம் சோதித்து, கடைவாரியாக முடிவை வெளியிடுங்கள். அடுத்து 23-க்கு உயர்த்துங்கள். புதுச்சேரியோடு பேச்சைத் தொடங்குங்கள்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் அடுத்த கிராமசபை கூடும்போது, சாலை, குடிநீர் பேசி முடித்ததும் எழுந்து நில்லுங்கள். நம் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கடையில் வயதைச் சரிபார்த்து விற்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதியபின் கையெழுத்திடுங்கள். பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு யாரேனும் மது கொடுப்பதைக் கண்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.